மஞ்சள் நிறத்தில் ஒரு வெறும் வரி

1. கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமைப் பின்னேரம் ஒன்றில், கோப்பாயில் ஒரு வாசிகசாலை மண்டபத்தில், ஹீப்ரு மொழிப் படம் ஒன்றைத் தமிழ் எழுத்துடன் காட்டினோம்.
2. அந்தப் படத்தில் ஒரு குரல் வரும். குரலுக்குரிய ஆள் வருவதில்லை.
3. பார்க்க வந்தவர்களில் ஒருவருக்குக் காது கேட்காது. அது எங்களுக்குத் தெரியாது.
4. இடைவேளையில் அவர் எழுந்து போகப் பார்த்தார்.
5. பாதி ஓடிய கோப்பில் நான் கைவைத்தேன்.
6. மழை வந்தது.
7. கடைசிக் காட்சியில், எழுத்து எதுவும் இல்லாத ஒரு வரியைப் போட்டேன்.

இந்த ஏழாவதைத்தான், எனக்குப் பிறகு இந்த வேலையைப் பார்க்கப்போகிற நீங்கள் இருவரும் போன கிழமை அழித்துவிட்டீர்கள். குறை சொல்லவில்லை. பழைய கோப்புகளைத் துப்புரவாக்கச் சொன்னது நான்தான். அந்தக் கோப்பைத் திறந்தால் எல்லா வரியிலும் வசனம் இருக்கும். கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு வரி வெறுமையாக, மஞ்சள் நிறத்தில் கிடக்கும். யார் பார்த்தாலும் தட்டச்சுப் பிழை என்றுதான் நினைப்பார்கள். நான் அதைத் திரும்பப் போட்டிருக்கிறேன். ஏன் என்பதை உங்களுக்கு எழுதிவைத்துவிட்டுப் போகிறேன்.

முதலில், மாதம் ஒரு படம் காட்டுகிற எங்கள் குழுவின் வேலையைப் பற்றிக் கொஞ்சம். நீங்கள் இரண்டு படத்துக்குத்தான் உதவிக்கு இருந்திருக்கிறீர்கள். பெரிய திரைக்குக் கீழே நீளமாக ஒரு துணி கட்டுகிறோம். அதற்கென்று சின்னப் புரொஜெக்டர் ஒன்று. படத்தில் ஒருவர் வாய் திறக்கும்போது மண்டபத்தின் பின்வரிசை வாங்கிலிருந்து விசையைத் தட்டினால் துணியில் தமிழ் எழுத்து விழும். அவர் முடித்ததும் மறுபடி தட்டினால் துணி இருண்டுவிடும். படம் முழுக்க இதுதான். மொழி தெரியாத படத்துக்கு இதைச் செய்ய, அந்த மொழியின் சத்தம் பாடமாக இருக்கவேண்டும். எனக்கு ஹீப்ரு தெரியாது. ஆங்கிலத்தில் வந்த வசனத்தை வைத்துத்தான் தமிழ் எழுதினேன். ஆனால் எந்தச் சத்தத்துக்குப் பிறகு எந்த வசனம் என்று, வீட்டில் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பழகியிருந்தேன்.

இந்த வேலையில் யாரும் உங்களுடன் கதைக்கமாட்டார்கள். சனம் முன்னுக்குப் பார்த்து இருக்கும், நீங்கள் அவர்களின் பிடரிகளைப் பார்த்து இருப்பீர்கள். படம் முடிந்ததும் அவர்கள் படத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டு சயிக்கிள் எடுப்பார்கள், நீங்கள் வயர் சுற்றுவீர்கள். எழுத்து சரியாக வந்தால் எழுத்து வந்ததே எவருக்கும் ஞாபகம் இராது. பிந்தினால் மட்டும் திரும்பிப் பார்ப்பார்கள். இது முறைப்பாடு இல்லை. உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

இனிப் படம். பாலைவனத்து ஓரத்தில் ஒரு சின்னப் பட்டணம். அப்பா தண்ணீர் பவுசர் ஓட்டுகிறவர். தமார் என்று ஒரு பெண் பிள்ளை, தொடக்கத்தில் ஒன்பது வயது. அவளுடைய அக்கா பன்னிரண்டு வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். கூரையில் இருக்கும் தண்ணீர்த் தாங்கிக்குள்ளிருந்து அந்த அக்காவின் குரல் தமாருக்குக் கேட்கிறது. வேறு ஒருவருக்கும் கேட்பதில்லை. குரல் வரும்போது வீட்டில் உள்ள குவளைகளில் தண்ணீர் நடுங்கும், அவ்வளவுதான். பேய்ப்படத்துக்குரிய வேறு எந்தக் காரியமும் இல்லை. தொலைந்த சப்பாத்து எங்கே கிடக்கிறது என்று அக்கா சொல்வாள், பள்ளிக்கூடத்தில் யாருடன் சேரவேண்டாம் என்று சொல்வாள். தமார் வளர்கிறாள். அக்காவின் குரல் வளர்வதில்லை. பதின்மூன்றாவது பிறந்தநாளில் தமார் தன் அக்காவை வயதில் தாண்டுகிறாள். அன்றோடு குரல் நின்றுவிடுகிறது.

அந்த நாடு போரில் இருக்கிற இந்த நேரத்தில் அதன் படத்தைக் காட்டவேண்டுமா என்று எங்கள் குழுவுக்குள்ளேயே கதை வந்தது. சிலர் வரவில்லை. அவர்கள் வராமல் விட்டதன் காரணம் எனக்கு விளங்கியது. படத்தைத் தெரிந்தெடுத்தது நானில்லை. ஆனால் அதை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த வாரங்களில் அந்தப் பிள்ளை எனக்குப் பழகிப்போயிருந்தாள். மண்டபத்தில் கதிரைகள் பாதிக்கு மேல் காலி. மழைக்குணம் வேறு.

ஒலிபெருக்கிக்குப் பொறுப்பு, உங்களுக்குத் தெரிந்த சவுண்ட் அண்ணைதான். கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் ஸ்பீக்கர் கட்டுகிற மனிதர், எங்கள் படங்களுக்கு வாடகையில் பாதி குறைத்துக்கொண்டு வருகிறார். இந்த வேலைக்கு நான் வந்த முதல்நாள் அவர் எனக்கு ஒரேயொரு விசயம்தான் சொன்னார்.

"தங்கச்சி, ஓடுற சாமானிலை கை வைக்காதை. பிழையா ஓடினாலும் ஓடட்டும். நிண்டுபோச்சுதெண்டால் திருத்தவும் ஏலாது, ஓட்டவும் ஏலாது."

அது உண்மை. நீங்களும் எழுதி ஒட்டிவையுங்கள்.

படம் தொடங்கிக் கொஞ்சம் பிந்தி, குடையோடு இரண்டு பேர் வந்து இரண்டாவது வரிசை இடப்பக்கத்தில் இருந்தார்கள். ஒருவர் ஐம்பது வயது கடந்த அம்மா. மற்றவர் முப்பது வயதுப் பெண். தாயும் மகளும் என்பது நடையிலேயே தெரிந்தது. மகள் படத்தைவிடத் துணியைத்தான் கூடப் பார்க்கிறார் என்பதைப் பின்வரிசை வாங்கிலிருந்து கவனித்தேன். அப்படிப் பார்க்கிறவர்கள் எனக்கு அருமை. உள்ளுக்குள் சந்தோசமாகவும் இருந்தது. எழுத்தை ஒருவர் விரும்பி வாசிக்கிறார் என்று நினைத்தேன்.

இடைவேளைக்கு விளக்குப் போட்டதும் அந்த மகள் எழுந்தார். கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, ஏற்றமும் இறக்கமும் இல்லாத ஒரு குரலில் தாயிடம் சொன்னார்:

"வாங்கோ போவம். உந்தப் பெட்டைக்குக் காது கேக்காது. அதை விசரி எண்டு காட்டுறாங்கள்."

தேத்தண்ணிக்குப் போனவர்கள் நின்று பார்த்தார்கள். தாய் கையைப் பதித்து, மெல்லக் கதை என்று சைகை காட்டினார். மகளுக்குக் காது கேட்காது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நான் மேசையை விட்டு எழுந்து போனேன். என்ன பிழை, எழுத்து தெளிவில்லையா என்று தாயிடம் கேட்டேன். அவர் மகளின் பெயர் கௌசி என்றார். எட்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது போனது. அதற்கு முன் பேசிப் பழகிவிட்டதால் பேச்சு இருக்கிறது, வாசிப்பும் நல்ல வேகம். கோப்பாயில் ஒரு தையல் கடையில் பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறார். கடைச் சுவரில் ஒட்டியிருந்த எங்கள் விளம்பரத்தில் 'தமிழ் எழுத்துடன்' என்பதைப் பார்த்துவிட்டு, தாயை நீர்வேலியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"தமிழ்ப் படம் அவளுக்கு ஊமைப் படம், பிள்ளை. அதுக்கு ஒருத்தரும் எழுத்துப் போடுறேல்லை. வேற பாசை எண்டாத்தானே போடுறியள். பாப்பம், விளங்கினால் ஒவ்வொரு மாசமும் வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தவள்."

அப்படியானால் இவர் இன்றைக்கு ஒரு படம் பார்க்க வந்தவர் மட்டுமில்லை. தனக்கு இனிமேல் படம் என்று ஒன்று உண்டா இல்லையா என்று பார்க்க வந்தவர். இப்போது வாசலைப் பார்த்து நிற்கிறார்.

அந்தப் பிள்ளைக்குக் காது கேட்கும்தானே, யார் அவளை விசரி, பைத்தியம் என்றது என்று தாயிடம் கேட்டேன். அவர் பெருமூச்சு விட்டார்.

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. செத்த பிள்ளையோடை கதைச்சால் விசர் எண்டுதானே சனம் சொல்லும். அதிலை கோவிக்க என்ன இருக்கு?"

கௌசி தாயின் உதடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றவர்.

"எந்தச் செத்த பிள்ளை?" என்றார்.

தாய் என்னைப் பார்த்தார். நான் தாயைப் பார்த்தேன்.

"அந்தத் தாங்கிக்குள்ளை இருந்து கதைக்கிற பெட்டை," என்றார் தாய், சொல் சொல்லாக, உதட்டை விரித்து.

"தாங்கிக்குள்ளை இருந்து ஆர் கதைச்சது?"

நடந்தது இதுதான். தாய்க்கு எழுத்து வாசிக்கும் வேகம் போதாது. ஆனால் ஹீப்ருவில் ஒரு சொல்லும் தெரியாமலே, இது வேறொரு பிள்ளையின் குரல், ஆள் இல்லாத குரல், கூரையில் இருந்து வருகிறது என்று காதால் பிடித்துவிட்டார். மகள் எல்லா எழுத்தையும் வாசித்தார். ஆனால் எந்த எழுத்து யாருடையது என்று துணி சொல்லவில்லை. தமாரின் வாய் மூடியிருக்கும்போது கீழே வசனம் விழுந்தது. அவள் மனதுக்குள் நினைப்பது என்று எடுத்துக்கொண்டார். ஆசிரியர் கூப்பிடும்போது தமார் திரும்பவில்லை. திரும்பாததற்குக் காரணம், அவள் அக்காவின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கௌசி கண்டது, கூப்பிட்டால் திரும்பாத ஒரு பிள்ளையைத்தான். அப்படி ஒரு பிள்ளையை அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பிள்ளை தனக்குத் தானே கதைப்பதையும் வகுப்பே சிரிப்பதையும் கண்டார். குவளையில் தண்ணீர் நடுங்குவதையும் கண்டிருக்கிறார். ஏன் என்றுதான் தெரியவில்லை.

தாயும் மகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். படத்தின் ஒரு பாதி ஒருவரிடம், மறு பாதி மற்றவரிடம். இருட்டில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. எழுத்துத்தான் எல்லாம் சொல்கிறதே என்று தாய் நினைத்துவிட்டார்.

அந்தக் கோப்பை நாங்கள் மூன்று பேர் சரிபார்த்திருந்தோம். மூன்று பேருமே காதில் சத்தத்தோடு பார்த்தோம். எழுத்துப் போடுகிறவர்கள் மட்டும் விடக்கூடிய பிழை இது. மொழி தெரியாதவருக்காகத்தான் எழுத்து என்று பழகிவிட்டோம். அந்த வசனத்தைப் பேசுவது சின்னப் பிள்ளையா, கிழவரா, திரைக்கு உள்ளேயா வெளியேயா என்பதையெல்லாம் சத்தம் பார்த்துக்கொள்ளும் என்று அதன் தலையில் கட்டிவிடுகிறோம். இன்னொன்றும் உண்டு. அக்காவின் வசனங்களுக்குப் பக்கத்தில் நான் கோப்பில் ஒரு குறி வைத்திருந்தேன். வாயசைவு இல்லாத இடங்களில் விசையைத் தட்டுவதற்கு எனக்கு ஒரு உதவி. அந்தக் குறி துணியில் விழாது. அதாவது, எனக்குத் தேவைப்பட்ட தகவல் பார்க்கிறவருக்கும் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கௌசி அக்காவை மேசைக்குக் கூட்டிவந்தேன். லப்டொப்பில் பெரிய எழுத்தில் அடித்தேன்: 'தமாருக்குக் காது கேட்கும். மற்றவர்களுக்குக் கேட்காதது ஒன்றும் அவளுக்குக் கேட்கும். இறந்துபோன அக்காவின் குரல்.'

அவர் வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பிறகு, துணியில் வந்ததெல்லாம் யாருடையது என்று தனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தையல் கடையில் நூல் என்ன நிறம் என்று கேட்பதைப்போலக் கேட்டார்.

நிறம் என்பது அந்த இடத்தில்தான் எனக்கு வந்தது.

தமாரின் அக்காவின் வசனங்கள் எல்லாவற்றுக்கும் குறி இருக்கிறது. குறி உள்ள வரிகளை மட்டும் ஒன்றாகப் பிடித்து, பின்னணியை மஞ்சளாக்கிவிட்டால் போதும். துணியில் கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து விழுந்தால் உயிரோடு இருக்கிறவர்கள். மஞ்சள் பட்டையில் கறுப்பு எழுத்து விழுந்தால் அக்கா.

சவுண்ட் அண்ணை தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து பின்னால் நின்றார். நான் என்ன செய்கிறேன் என்பது அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"தங்கச்சி, நான் சொன்னது ஞாபகம் இருக்கோ?"

"ஓம் அண்ணை."

"பிழைச்சுதெண்டால் மிச்சப் படம் ஒருத்தருக்கும் விளங்காது. இப்ப ஒராளுக்குத்தான் விளங்கேல்லை."

அவர் சொன்னதை அலட்சியமாக எடுக்காதீர்கள். அது சரியான கணக்கு. எனக்கு அங்கே இரண்டு வழி இருந்தது. கை வைக்காமல் விட்டால் பாதி மண்டபம் நிம்மதியாகப் பார்க்கும், ஒருவர் வெளியே போவார். கை வைத்தால் எல்லோருக்கும் எழுத்தே இல்லாமல் போகலாம். ஆனால் அந்த ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் காது இருந்தது. எழுத்து போனாலும் அவர்களுக்கு முகமும் குரலும் மிஞ்சும். எழுத்தை மட்டும் நம்பி வந்தவர் அவர் ஒருவர்தான். அப்படிப் பார்த்தால் அது அவருடைய கோப்பு. நான் கை வைத்தேன்.

பழைய கோப்பைத் தொடாமல் பிரதி எடுத்து, அதில்தான் நிறம் மாற்றினேன். இதையாவது பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். துணியில் ஒரு அறிவிப்பும் போட்டேன்: 'மஞ்சளில் வருவது, இறந்துபோன அக்காவின் குரல்.' முன்வரிசையில் ஒருவர், இதை முதலே சொல்லியிருந்தால் நாங்கள் பயந்தெல்லாம் இருக்கமாட்டோமே என்றார். சிரிப்பு வந்தது. கௌசி அக்கா போய்ப் பழைய கதிரையில் இருந்தார். கைப்பையைத் தோளிலிருந்து எடுக்கவில்லை.

எல்லாம் நேராக நடந்தது என்று நினைக்கவேண்டாம். பிரதி முதல் வரியிலிருந்துதான் திறந்தது. இடைவேளைக்குப் பிந்திய இடத்தை நான் தேடிப் பிடிக்குமுன் படம் தொடங்கிவிட்டது. தமாரும் அப்பாவும் ஒரு சண்டை பிடிக்கிறார்கள். அது முழுக்கத் தமிழில்லாமல் போனது. தலைகள் திரும்பின. அண்ணை கோப்பையை வைத்துவிட்டுத் தன் இயந்திரத்துக்குப் போனார்.

அதன்பின் முதல் மஞ்சள் விழுந்தது. 'சின்னவளே, அப்பா அழுகிறார். கீழே போ.' கௌசி அக்கா துணியைப் பார்த்தார், தலையை உயர்த்தித் தாங்கியைப் பார்த்தார். பிறகு கைப்பையை எடுத்து மடியில் வைத்தார்.

சிறிது நேரத்தில் மழை. வாசிகசாலைக்குத் தகரக் கூரை. கார்த்திகை மழை தகரத்தில் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. அண்ணை சத்தத்தைக் கூட்டினார், இன்னும் கூட்டினார், பிறகு கையை விரித்தார். வாயை என் காதுக்குள் வைத்துக் கத்தினார்:

"மேலை ஆர் ஸ்பீக்கர் கட்டினது? என்ரையை விடப் பெரிசு."

பகிடி விட்டுவிட்டு, தன்னுடைய ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினார். அவர் சரிபார்க்க வைத்திருப்பது, நேரே இயந்திரத்திலிருந்து வருவது. சத்தம் இல்லாமல் எனக்கு எழுத்துத் தட்டமுடியாது என்பது அவருக்குத் தெரியும். வெள்ளை வசனங்களை வாயைப் பார்த்துத் தட்டலாம். மஞ்சளுக்கு வாய் கிடையாது.

அதன்பின் அந்த மண்டபத்தில் தமாரின் அக்காவுடைய குரலைக் கேட்டது நான் மட்டும்.

இதை எப்படி எழுதுவது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. முன்னால் இருந்த எல்லோரும் மழைக்குள் இருந்தார்கள். தாய்க்கும் கேட்கவில்லை, முன்வரிசைக்காரருக்கும் கேட்கவில்லை. எல்லோரும் துணியைப் பார்த்தார்கள். என் காதுக்குள் மட்டும், மிகக் கிட்டத்தில், ஒரு பிள்ளை ஹீப்ருவில் கதைத்துக்கொண்டிருந்தாள். நான் விசையைத் தட்டினால்தான் அவள் இருந்தாள். தட்டாவிட்டால் அவள் இல்லை. படம் முழுக்கத் தமார் இருந்த இடத்தில் நான் இருந்தேன். வீட்டில் எத்தனையோ தடவை கேட்ட குரல்தான். அதுவரை எனக்கு அது வேலை. அன்றைக்குத்தான் தமாருக்கு ஏன் கூட்டாளிகள் இல்லை என்று விளங்கியது. தனக்கு மட்டும் கேட்பதைக் காவிக்கொண்டு திரிகிற ஒருவரோடு யாரும் சேர்ந்து கேட்க முடியாது.

பிறகு கடைசிக் காட்சி. பிறந்தநாள். தமார் கூரைக்கு ஏறுகிறாள். தாங்கியில் காதை வைக்கிறாள். ஹீப்ருவில் நான் பொருளோடு பாடமாக்கிய ஒரே வசனத்தை அவள் தாங்கியிடம் கேட்கிறாள்: "அத் ஷொமாஅத்?" நான் தட்டினேன். துணியில் வெள்ளையில் விழுந்தது: 'கேக்குதோ?'

பதில் வராது. எனக்கு அது தெரியும். கோப்பில் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. எனவே துணி இருளவேண்டும். ஹெட்போனில் காற்று, ஒரு சொட்டுத் தண்ணீர், அவளுடைய மூச்சு. காதுள்ள மண்டபத்துக்கு இது போதும். கேள்விக்குப் பிறகு அந்த மௌனத்தைக் கேட்டு, குரல் போய்விட்டது என்று ஒவ்வொருவரும் அறிவார்கள்.

ஆனால் அந்த மண்டபத்துக்கு மழை மட்டுமே கேட்டது. துணி இருண்டால் அவர்களுக்கு இரண்டில் ஒன்றுதான் தோன்றும். ஒன்று, யாரும் கதைக்கவில்லை. மற்றது, முன்பு சண்டைக் காட்சியில் நடந்ததுபோல நான் தவறவிட்டுவிட்டேன். இருண்ட துணிக்கு வேறு பொருள் கிடையாது. அக்கா கதைக்கவேண்டிய இடம் வந்தது, அவள் கதைக்கவில்லை என்பதை இருட்டால் சொல்ல முடியாது.

எழுத்துப் போடுகிறவர் படத்தில் இல்லாததைச் சேர்க்கக்கூடாது. இதையும் எழுதி ஒட்டுங்கள். நான் அந்தக் கணத்தில் நினைத்தது இதைத்தான். ஆனால் மௌனம் படத்தில் இருந்தது. எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன்.

மஞ்சள் வரி ஒன்றைப் பிரதி எடுத்து, உள்ளே இருந்த எழுத்தை அழித்து, தட்டினேன்.

துணியில் மஞ்சள் பட்டை எரிந்தது. எழுத்தில்லை. மேலே தமாரின் முகம். அவள் காத்திருந்தாள். பட்டையும் எரிந்துகொண்டிருந்தது. மண்டபத்தில் யாரும் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. கௌசி அக்காவின் கை மெல்லத் தாயின் பக்கம் போய், உள்ளங்கை மேலே பார்க்க விரிந்து நின்றது. இருட்டில் ஏதும் சொல்லவேண்டுமானால் தாய் அந்தக் கையில் விரலால் எழுதுவார் என்று பிறகு அறிந்தேன். தாய் ஒன்றும் எழுதவில்லை. அவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

தமார் எழுந்து ஏணியில் இறங்கினாள். நான் மஞ்சளை அணைத்தேன். கீழே அப்பாவிடம் அவள் சொல்வதுதான் கடைசி வசனம். 'தாங்கி நிரம்பிட்டுது, அப்பா.'

விளக்குப் போட்டபோது மழை குறைந்திருந்தது. வழமைபோல எல்லோரும் குடை தேடினார்கள். நான் ஹெட்போனைக் கழற்றினேன். கௌசி அக்கா நேரே என் மேசைக்கு வந்தார். தாய் பின்னால்.

"கடைசியிலை மஞ்சள் வந்தது. உள்ளுக்கு ஒண்டும் இல்லை. நீங்கள் மறந்ததோ, அவள் கதைக்கேல்லையோ?"

நான் அடித்தேன்: 'அவள் கதைக்கவில்லை. கதைப்பாளா என்று நானும் காத்திருந்தேன்.'

அவர் தலையை ஆட்டினார். போவார் என்று நினைத்தேன். போகவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரே மாதிரியான குரலில் சொன்னார்:

"எனக்கும் ஒரு குரல் இருக்கு. காய்ச்சலுக்கு முதல் கேட்ட அம்மாவின்ரை குரல். அம்மாவின்ரை வாய் அசையேக்கை அதுதான் எனக்குக் கேக்கும். அப்ப அம்மாவுக்கு முப்பது வயது. அம்மாவின்ரை குரலுக்கும் எனக்கும் இப்ப ஒரே வயது. வாற ஆவணியோடை நான் மூத்தவள்."

நான் லப்டொப் மூடியைப் பாதி சாத்தினேன்.

தாய் எல்லாவற்றையும் கேட்டார். மகளுக்குப் பின்னால் நின்றபடியால் அவருடைய உதடு மகளுக்குத் தெரியாது. என்னைப் பார்த்துச் சொன்னார். பல வருடம் தோட்டத்துப் புகையிலும் தடிமன் சளியிலும் கரகரத்துப்போன குரல்.

"இப்ப என்ரை குரல் தகரத்திலை மழை பெய்யிற மாதிரி, பிள்ளை. நல்லகாலம், அவளுக்கு அது தெரியாது."

பிறகு மகளின் தோளைத் தட்டி, பஸ் போய்விடும் என்று சைகை காட்டினார். இருவரும் ஒரு குடைக்குள் போனார்கள்.

அண்ணையும் நானும் வயர் சுற்றினோம். கடைசி ஸ்பீக்கரைத் தன் வான் வண்டியில் ஏற்றிவிட்டு அவர் சொன்னார்:

"இண்டைக்குத் தப்பிட்டாய். எண்டாலும் ஓடுற சாமானிலை கை வைக்காதை."

"ஓம் அண்ணை" என்றேன். அப்போதும் அது சரிதான், இப்போதும் சரிதான். உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். எப்போது மீறலாம் என்று என்னிடம் விதி இல்லை. அந்த நேரத்தில் யாரிடம் மாற்று வழி இல்லை என்று மட்டும் பாருங்கள்.

இப்போதைய நிலை:

கௌசி அக்கா அடுத்த மாதமும் வந்தார், அதற்கடுத்த மாதமும் வந்தார். இரண்டாவது வரிசை இடப்பக்கம் அவருடையது, அதில் வேறு யாரையும் இருத்தவேண்டாம். இப்போது ஒவ்வொரு கோப்பையும் திரையிடலுக்கு முன் அவர் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்க்கிறார். விளங்காத இடத்துக்குத் துணியில் தையல் சோக்குக்கட்டியால் போடுகிறமாதிரி ஒரு கோடு போட்டு அனுப்புவார். கோடு போட்டால் திருத்துங்கள், ஏன் என்று கேட்கவேண்டாம், முதலில் திருத்துங்கள். ஆவணி கடந்துவிட்டது. அந்தக் குரல் இன்னும் வருகிறதா என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது. கணினி வேலை, படத்தோடு தொடர்பில்லை. திங்கட்கிழமை போகிறேன். அண்ணையின் பழைய ஹெட்போன் மேசை லாச்சிக்குள் இருக்கிறது, இடது காது கொஞ்சம் கரகரக்கும். திரைக்கு வெளியே இருந்து பேசுகிறவர்களுக்கு மஞ்சள் என்பதை எல்லாப் படத்துக்கும் வழமையாக்கியிருக்கிறேன். ஹீப்ருப் படத்தின் கோப்பு அதே இடத்தில்தான் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில், 'கேக்குதோ?' என்பதற்கும் 'தாங்கி நிரம்பிட்டுது, அப்பா' என்பதற்கும் நடுவில் ஒரு மஞ்சள் வரி இருக்கிறது. அதில் எழுத்து இல்லை.